1941–46 போர்க்காலக் கடிதங்கள், பே புக், தந்திகள்: லமினேட் செய்யலாமா? எங்கே ஒப்படைப்பது?

வெள்ளவத்தை வாசகி:

அம்மம்மாவின் றங்குப்பெட்டி ஒன்று இப்போது எங்கள் பொறுப்பில். அம்மம்மாவின் மூத்த தமையனார் இரண்டாம் உலகப் போரில் ஆர்.ஏ.எஸ்.சி. என்கிற பிரித்தானியப் படை சேவைப் பிரிவில் எகிப்தில் இருந்தவர். இளைய தமையனார் மலாயாவில் ரெயில்வே வேலை. பெட்டிக்குள் உள்ளவை:

உறையோடு சுமார் 210 கடிதங்கள். முக்கால்வாசி தமிழ், மிச்சம் ஆங்கிலம். பாதி நீல மை, பாதி ஊதா நிறப் பென்சில். போட்டோ மாதிரி மினுங்கும் சின்னக் கடிதங்கள் 11, ஏறத்தாழ 5 அங்குலத்துக்கு 4. தந்திகள் 6. படையாளின் பே புக் (சேவை, சம்பளப் பதிவுப் புத்தகம்) இரண்டு. செஞ்சிலுவைப் படிவம் 3. ஜப்பான்காரரின் மலாயா நோட்டுக் கட்டு ஒன்று. கறுப்புக் கடதாசி அல்பத்தில் 40 போட்டோ. அம்மம்மாவின் கணக்குக் கொப்பி 2, அரிசிக் கூப்பன் துண்டுகள்.

கடிதங்கள் ஒன்பது கட்டுகளாகச் சீலைத் துண்டால் கட்டியிருக்கின்றன. கிளிப்புகள் கறள் பிடித்துவிட்டன. அடிக் கட்டில் வெள்ளையாகப் பூத்தமாதிரி ஏதோ. இராமபாணப் பூச்சி ஓடுகிறது. வீடு கடலுக்கு மூன்றாவது ஒழுங்கை, கீழ்மாடி.

கேள்விகள்: கடைக்காரர் லமினேட் செய்தால் நூறு வருடம் இருக்கும் என்கிறார், சரியா? திகதிப்படி அடுக்கி ஃபைலில் போடலாமா? போன் கமராவால் படம் எடுத்தால் போதுமா? கனடாவிலிருக்கும் மாமாவின் மகன் எகிப்துக் கடிதங்களின் மூலப்பிரதியைத் தனக்கு அனுப்பச் சொல்கிறார். கொழும்பில் இதையெல்லாம் யார் ஏற்பார்கள்?

மைக்கூடு:

லமினேட் வேண்டவே வேண்டாம். அந்த இயந்திரம் நூறு பாகைக்கு மேல் சூடாகிப் பசையை உருக்கிக் கடதாசியின் நாருக்குள் இறக்குகிறது. பிறகு யாராலும் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கிற அமிலம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே வேலை செய்யும். ஊதாப் பென்சிலுக்குச் சூடும் ஆகாது. 80 வருடம் றங்குப்பெட்டிக்குள் தப்பிப் பிழைத்த கடதாசிகளைத் திறந்த முதல் கிழமையில் நாங்களே கெடுத்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆகவே இந்தக் கிழமை எதையும் திருத்தாதீர்கள், ஒட்டாதீர்கள், அடுக்காதீர்கள்.

முதல் வேலை படம் எடுப்பது. பெட்டி திறந்தபடி ஒன்று, பிறகு ஒவ்வொரு கட்டும் அவிழ்க்க முன்னர் மேலிருந்தும் பக்கவாட்டிலும். இதற்குப் போன் கமரா போதும். ஒன்பது கட்டும் மேலிருந்து கீழாக எந்த ஒழுங்கில் இருந்தன என்பதை எழுதிவையுங்கள். அம்மம்மா எதை எதோடு சேர்த்துக் கட்டினார் என்பதே ஒரு தகவல். எகிப்துக் கடிதக் கட்டுக்குள் மலாயாத் தந்தி ஒன்று செருகியிருந்தால், அது வந்த நாளில் எந்தக் கடிதம் கையில் இருந்தது என்று ஊகிக்கலாம். திகதிப்படி அடுக்கினால் அது போய்விடும், திரும்ப வராது. திகதி வரிசை வேண்டுமென்றால் பட்டியலைக் கணினியில் மாற்றி அடுக்குங்கள். கடதாசியைத் தொடாதீர்கள்.

வெள்ளைப் பூப்பு: பூஞ்சணம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டை மட்டும் தனியாக வேறு அறைக்கு மாற்றுங்கள். என்95 முகக்கவசமும் நைட்ரைல் (மெல்லிய றப்பர் வகை) கையுறையும் போடுங்கள். ஈரமாகவோ ஒட்டும் தன்மையாகவோ இருந்தால் துடைக்கவே கூடாது. துடைத்தால் நாருக்குள் தேய்ந்து கறையாக நின்றுவிடும். முதலில் காயவேண்டும். நிழலில், வெறுங் கடதாசியின் மேல் தட்டையாகப் பரப்பி, மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்து 3, 4 நாள். காற்று நேராக விழுந்தால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். வெயிலில் காயப்போடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். மிளகாய்க்குச் சரி, கடிதத்துக்கு இல்லை. நீல மை ஒரே பகலில் மங்கத் தொடங்கும், கடதாசி சுருளும். காய்ந்து தூளான பிறகு மெல்லிய ஆட்டுமயிர்த் தூரிகையால், முற்றத்திலோ பல்கனியிலோ, உங்களிடமிருந்து வெளிப்பக்கமாக ஒரே திசையில் தட்டுங்கள். கறை போகாது. போகவேண்டிய தேவையும் இல்லை.

பூச்சி: மருந்து அடிக்காதீர்கள். நப்தலீன் உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்ரிக்கை இளக்கும், மனிதருக்கும் கெடுதல். இருக்கவே இருக்கிறது குளிர்ப்பெட்டி. காய்ந்த கட்டை வெறுங் கடதாசியால் சுற்றி, சிப் வைத்த தடித்த பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, அதை இன்னொரு பைக்குள் போட்டு மூடுங்கள். வீட்டு டீப் ஃப்ரீசர் மைனஸ் 18 பாகையில் ஓடினால் 2 கிழமை. வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். இங்கேதான் பெரும்பாலும் பிழைக்கிறது. கொழும்புக் காற்றில் குளிர்ந்த கடதாசியைத் திறந்தால் குளிர்ச் சோடாப் போத்தல் வியர்ப்பதுபோல வியர்க்கும், ஊதாப் பென்சில் அந்த இடத்திலேயே ஊறிவிடும். பையோடு 24 மணித்தியாலம் மேசையில் விட்டு, பையின் வெளிப்புறம் முழுதாகக் காய்ந்த பிறகு திறவுங்கள். கண்ணாடித் தகட்டு நெகற்றிவ் இருந்தால் குளிரில் போடக்கூடாது. இன்னொன்று, இந்த முறை பூச்சியைத்தான் கொல்லும், பூஞ்சணத்தைக் கொல்லாது. அதை உறங்கவைக்கும், அவ்வளவுதான்.

கறள் கிளிப்பை இழுத்துக் கழற்றாதீர்கள். மெல்லிய பொலியெஸ்ரர் பிளாஸ்ரிக் தாளில் இரண்டு துண்டு வெட்டி, கிளிப்புக்கும் கடிதத்துக்கும் இடையில் முன்னாலொன்று பின்னாலொன்று செருகுங்கள். கடிதத்தை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளிப்பின் சின்ன வளையத்தை மேல்நோக்கி நிமிர்த்துங்கள். கடதாசியை உருவாதீர்கள், கம்பியைத் தூக்குங்கள். சலோடேப் ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். அது பாதுகாப்பு வல்லுநரின் வேலை.

பருத்திக் கையுறையும் வேண்டாம். விரலின் உணர்வு குறைந்து ஓரம் கிழியும். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த கை போதும், கிறீம் பூசாமல். போட்டோவுக்கும் பூஞ்சணம் பிடித்த கட்டுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை.

தாள்தடம்:

மேலே சொன்னதோடு உடன்பாடு. பொருள் பொருளாகச் சில குறிப்புகள், ஏனென்றால் இந்தப் பெட்டிக்குள் குறைந்தது ஆறு வகை வேதியியல் இருக்கிறது.

ஊதாப் பென்சில்: அழியாப் பென்சில் என்று அந்தக் காலத்தில் விற்றது. காரீயத்தோடு ஊதா அனிலின் சாயம் சேர்த்தது. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் பளிச்சென்ற ஊதா. உங்களுடையது இப்போது ஊதாவாகத் தெரிந்தால், ஏதோ ஒரு காலத்தில் ஈரம் பட்டிருக்கிறது, அல்லது எழுதியவர் நுனியை நாக்கில் தொட்டு எழுதியிருக்கிறார். இப்படியான கடிதங்கள் ஒன்றின்மேல் ஒன்று நேராகத் தொடக்கூடாது, எதிர்ப்பக்கத்தில் எழுத்துப் பதிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வெறுந்தாள். அழிறப்பரும் ஈரத்துணியும் பக்கத்திலேயே வரக்கூடாது. நீல மையும் அனேகமாகக் கழுவினால் போகிற வகைதான்.

மினுங்கும் சின்னக் கடிதங்கள்: அவை ஏர்கிராஃப். படையாள் படிவத்தில் எழுதிக் கொடுப்பார், அதை நுண்படச் சுருளில் பிடித்து, சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, போய்ச்சேர்ந்த ஊரில் பெரிதாக்கிப் போட்டோத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். 1941 இல் தொடங்கியது. ஆகவே உங்கள் கையிலிருப்பது கடிதமல்ல, ஜெலற்றின் என்ற பசைப்பொருள் பூசிய போட்டோ. ஈரத்தில் ஜெலற்றின் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டியிருந்தால் பிரிக்கப் பார்க்காதீர்கள், ஆவியும் பிடிக்காதீர்கள். போட்டோக்களோடு சேர்த்து வையுங்கள். பட்டியலில் மட்டும் அது எந்தக் கட்டிலிருந்து வந்தது என்று எழுதுங்கள்.

தந்தி: வாசகத் துண்டுகள் பசையால் ஒட்டியவை. இராமபாணத்துக்கும் கரப்பொத்தானுக்கும் அந்தப் பசைதான் விருந்து. பசை விட்டுத் துண்டு கழன்றிருந்தால் திரும்ப ஒட்டாமல், தந்தியோடு ஒரே மடிப்புத் தாளுக்குள் வையுங்கள். கழன்ற துண்டு எந்த வரிசையில் கிடந்தது என்று படம் எடுத்துக்கொண்டு அசையுங்கள்.

செஞ்சிலுவைப் படிவம்: குடும்பச் செய்திக்கு 25 சொல்தான் இடம். மறுமொழியை அதே படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி அனுப்புவார்கள். ஆகவே இரு பக்கமும் மூலம். முன்பக்கத் திகதிக்கும் பின்பக்கத் திகதிக்கும் இடையில் பல மாதங்கள் இருக்கும். அந்த இடைவெளியைப் பட்டியலில் தனியாகக் குறியுங்கள். மலாயாவிலிருந்து சத்தமே இல்லாத 1942 முதல் 1945 வரையான காலத்தில் வீட்டுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

பே புக்: ஏபி 64 என்ற இரு பாகப் புத்தகம். முதற்பாகத்தில் படை எண், சேர்ந்த நாள், தடுப்பூசி, பயிற்சி, உயில் எழுத ஒரு பக்கம். இரண்டாம் பாகம் சம்பளம். உயில் பக்கத்தில் எழுதியிருந்தால் அதைப் பொதுவில் போடுவதற்கு முன் குடும்பத்தில் பேசுங்கள். முதுகுக் கம்பி கறள் பிடித்திருந்தாலும் கழற்றவேண்டாம். 90 பாகைக்கு மேல் விரிக்காமல் இரு பக்கமும் துணி உருட்டி முட்டுக்கொடுத்துப் படம் பிடியுங்கள்.

உறைகளைக் கழித்துவிடாதீர்கள். கடிதத்துக்குள் படையாள் தன் இடத்தை எழுதக்கூடாது. உறையின் மேலிருக்கும் கள அஞ்சல் நிலைய எண், தணிக்கை முத்திரை, “பரிசோதகர் திறந்தது” என்ற ஒட்டுத்தாள், அதிலிருக்கும் எண், எல்லாம் சேர்ந்துதான் அவர் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லும். முத்திரை சேகரிப்பவர் யாராவது முத்திரையை மட்டும் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

ஜப்பான் நோட்டுகளுக்கு விலை கிடையாது என்று தூக்கிப்போடாதீர்கள். வாழைக்குலை போட்ட பத்து டொலர் உலகம் முழுக்கக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் சம்பளமாக வாங்கியதைச் செல்லாக் காசான பிறகும் ஊருக்குக் கொண்டுவந்து கட்டிவைத்தது உங்கள் வீட்டுக் கதை.

அல்பம்: கறுப்புத் தாளில் மூலை செருகி வைத்த போட்டோக்களை அப்படியே விடுங்கள், பக்கங்களுக்கு நடுவில் வெறுந்தாள் போதும். “புதிய நல்ல அல்பத்துக்கு மாற்றுகிறேன்” என்று ஒட்டும் பக்கமுள்ள அல்பம் வாங்குகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பத்து வருடத்தில் அந்தப் பசை இறுகிப் படத்தை விடாது.

கடலோரம்:

இவ்வளவும் தேவையா? ஏசி அறையில் அலுமாரிக்குள் வேப்பிலை போட்டு வைத்தால் போதாதா?

மைக்கூடு:

பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்றால் ஏசி இல்லாததைவிடக் கெடுதல். காற்று 50 வீதத்திலிருந்து 80 வீத ஈரப்பதனுக்கு ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும். கடதாசி அதோடு சேர்ந்து விரிந்து சுருங்கும். போட்டோவில் ஜெலற்றின் ஒரு அளவிலும் தாள் இன்னொரு அளவிலும் விரிவதால் வெடிப்பு வரும். நிலையான 60, ஆடும் 45 ஐவிட நல்லது. 65 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் வரும், அதுதான் தாண்டக்கூடாத கோடு.

வேப்பிலை காய்ந்த பிறகு வெறும் குப்பை. பச்சையாக வைத்தால் ஈரம்.

இடம்: வெளிச்சுவரோடு ஒட்டாமல், தரையிலிருந்து 15 சென்ரிமீற்றராவது உயர்த்தி. குளியலறைக் குழாய்க்கும் ஏசித் தண்ணீர் வடிகிற குழாய்க்கும் கீழே வைக்கக்கூடாது. சாமி அறை அலுமாரியும் வேண்டாம். விளக்கெண்ணெய்ப் புகையும் கற்பூரக் கரியும் தாளில் படிந்தால் எடுக்க முடியாது. பெரியவர்கள் மரியாதைக்காக அங்கேதான் வைக்கச் சொல்வார்கள், சமாளியுங்கள்.

வெள்ளவத்தை வாசகி:

நன்றி. சின்ன ஈரமானி வாங்கிவைத்தேன். அறையில் 78, றங்குப்பெட்டிக்குள் 81 காட்டுகிறது. கடிதமும் உறையும் சேர்த்து நிறுத்தேன், 5 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்டு வைக்கலாமா? எவ்வளவு போடவேண்டும்?

தாள்தடம்:

வைக்கலாம், ஆனால் கணக்குப் பார்த்து. பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருக்கும் பொலிப்புரொப்பிலீன் பெட்டியாக எடுங்கள், மூடியில் றப்பர் விளிம்பு உள்ளது. பி.வி.சி. வேண்டாம். முகர்ந்து பார்த்தால் புது ரெயின்கோட் மணம் வந்தால் அது பி.வி.சி.

அருங்காட்சியகப் பேழைகளுக்குச் சொல்லும் பழைய அளவு, ஒரு கனமீற்றருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல். உங்களுக்கு 30 லீற்றர் பெட்டி போதும் என்றால் 600 கிராம். ஆனால் அந்த அளவு பெட்டிக்குள் புகுகிற ஈரத்துக்குத்தான். கடதாசிக்குள் ஏற்கெனவே இருப்பதற்கு அல்ல. 80 வீத ஈரப்பதனில் இருந்த கடதாசியின் எடையில் ஏறத்தாழ 10, 11 வீதம் தண்ணீர். 50 க்கு இறங்கும்போது 6, 7 வீதம். வித்தியாசம் 4 வீதம், 5 கிலோவுக்கு 200 கிராம் தண்ணீர். 600 கிராம் ஜெல் தன் எடையில் கால்வாசிதான் பிடிக்கும், அதாவது 150 கிராம். ஆகவே முதல் தடவை போட்டது சில நாளில் நிரம்பிவிடும். அதைப் பார்த்துப் பலர் “ஜெல் போலி” என்று கைவிடுகிறார்கள். ஜெல்லில் குறையில்லை, கடதாசி ஈரம். முதலில் ஏசி விடாமல் ஓடுகிற அறையில், அல்லது ஈரமகற்றி வைத்த மூடிய அறையில், கட்டுகளைத் திறந்து 4, 5 நாள் வையுங்கள். பிறகு பெட்டிக்குள். ஈரமானியையும் உள்ளே வையுங்கள்.

ஜெல் செம்மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறுகிற வகை. நீலத்தில் கோபால்ட் உண்டு, தவிர்க்கலாம். நிறம் மாறியதும் அவன் அடுப்பில் 120 பாகையில் 2, 3 மணித்தியாலம் வைத்து, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். துணிப்பையில் போட்டு, கடதாசியில் தொடாமல் ஓரத்தில். இலக்கு 45 முதல் 55. 35 க்குக் கீழே இறங்க விட்டால் போட்டோக்கள் குழாயாகச் சுருளும்.

இடையில் வைக்கிற வெறுந்தாளுக்கு அமிலமற்ற விசேட தாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் புறக்கோட்டை மலிபன் வீதிக் கடைகளில் நல்ல ஏ4 நகல் தாள் வாங்கி, அமிலம் காட்டும் பி.எச். சோதனைப் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஊதாவானால் சரி, மஞ்சளாகவே நின்றால் அமிலம். இப்போதைய நகல் தாளில் பெரும்பாலும் சுண்ணாம்பு நிரப்பி இருப்பதால் தேறிவிடும். பழுப்பு உறை, பத்திரிகைத் தாள், அட்டைக் கோப்பு மூன்றும் தேறாது.

ஏட்டுக்கணக்கு:

ஸ்கான் பற்றி யாரும் சொல்லவில்லை.

போனில் இருக்கும் “ஸ்கான்” செயலிகள் ஓரத்தை வெட்டி, பின்னணியை வெள்ளையாக்கிவிடும். மங்கிய பென்சிலும் தணிக்கை முத்திரையின் வெளிர் வட்டமும் அந்த வெள்ளையோடு போய்விடும். தட்டை ஸ்கானரில், முழு ஓரமும் தெரிய, வண்ணத்தில், கடிதங்களுக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), போட்டோவுக்கும் ஏர்கிராஃபுக்கும் 600. டிஃப் என்ற, தரம் குறையாத படக் கோப்பாகச் சேமியுங்கள். தாளைத் தானாக இழுக்கும் ஸ்கானரில் ஒரு கடிதமும் போகக்கூடாது. விமானத் தபாலின் மெல்லிய தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரிவது குறையும். வெள்ளை மூடியோடு எடுத்துவிட்டு “வாசிக்க முடியவில்லை” என்பவர்கள் இதைச் செய்துபார்க்கலாம்.

ஏ4 தாள் ஒரு பக்கம் 400 டிபிஐ வண்ணத்தில் 46 எம்.பி. 210 கடிதம், கடிதத்துக்கு நாலு பக்கமும் உறையின் இரு பக்கமும் என்று வைத்தால் 1260 படம், அதிகபட்சம் 58 ஜி.பி. இடம் பிரச்சினையே இல்லை, நேரம்தான். படம் ஒன்றுக்கு 3 நிமிடம், மொத்தம் 63 மணித்தியாலம். நாளுக்கு 2 மணித்தியாலம் இருந்தால் ஒரு மாதம். இதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள், இல்லாவிட்டால் 40 ஆவது கடிதத்தில் கைவிடுவீர்கள்.

கோப்புப் பெயர் எண்ணாக மட்டும்: 03-017-02 என்றால் மூன்றாம் கட்டு, 17 ஆவது உருப்படி, இரண்டாம் பக்கம். அதே 03-017 ஐ 2பி பென்சிலால் கடிதத்தின் பின்பக்க ஓரத்தில், கண்ணாடிமேல் வைத்து மெல்ல எழுதுங்கள். பேனாவோ ஒட்டுச் சீட்டோ கூடாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கனடாவுக்குப் போகவேண்டியது இந்த மூன்றாவது பிரதிதான். ஒவ்வொரு கோப்புக்கும் கணினி கணக்கிட்டுத் தரும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணை ஒரு பட்டியலில் சேமித்தால், பத்து வருடம் கழித்துக் கோப்புக் கெட்டதா என்று ஒரே கட்டளையில் பார்க்கலாம்.

பட்டியலில் அதிகம் பிழைப்பது திகதி. அந்தத் தலைமுறை தமிழ் வருடப் பெயர் எழுதும். 1941 சித்திரையில் விஷு, 1942 சித்திரபானு, 1943 சுபானு, 1944 தாரண, 1945 பார்த்திப, 1946 விய. வருடம் ஏப்ரல் நடுவில் மாறுகிறது என்பதை மறந்து, “சுபானு தை 14” ஐ 1943 என்று பதிந்துவிடுவார்கள். அது 1944 ஜனவரிக் கடைசி. உங்கள் பெட்டியில் கொழும்பில் குண்டு விழுந்ததைப் பற்றிய கடிதம் இருந்தால் இப்படிச் சோதிக்கலாம்: ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியது 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. தமிழ்க் கணக்கில் அது விஷு வருடத்துப் பங்குனிக் கடைசி. “விஷு” என்பதைப் பார்த்து 1941 என்று போட்டால், குண்டு விழ ஒரு வருடம் முன்பே கடிதம் எழுதப்பட்டதாகிவிடும். எழுதியிருப்பதை அப்படியே ஒரு நிரலிலும் ஆங்கிலத் திகதியை இன்னொரு நிரலிலும் வையுங்கள்.

எழுத்துப்பெயர்ப்புச் செய்யும்போது தலைப்பில் இருக்கும் “சிவமயம்”, பிள்ளையார் சுழி, பழைய லை, ணை, றா வடிவம், புள்ளியில்லா மெய், மேற்படிக்குரிய ௸ எல்லாவற்றையும் கவனியுங்கள். வடிவத்தை இன்றைய எழுத்தில் தரலாம். சொல்லையும் எழுத்துப்பிழையையும் திருத்தக்கூடாது. “மணியோடர் கிடைத்தது, அரிசி கூப்பனில் வருகிறது” என்கிற வரிகளைச் சில்லறை என்று சுருக்கிவிடாதீர்கள். ஆய்வாளர் தேடிவருவது பெரும்பாலும் அதைத்தான். போரைப் பற்றிப் படையாள் எழுத முடிந்ததைத் தணிக்கையாளர் பார்த்துக்கொண்டார். வீட்டுக் கணக்கை அவர் தொடவில்லை.

சுவடிவழி:

ஒப்படைப்பு. மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் ஒன்றல்ல.

கொழும்பு 7 பிலிப் குணவர்தன மாவத்தையில் (முன்னர் ரீட் அவென்யூ) தேசிய சுவடிகள் காப்பகம். 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. அரச ஆவணம்தான் முதன்மை, ஆனால் தனியார் கடதாசிகளும் அங்கே உண்டு. பழைய பத்திரிகைத் தொகுப்பும் அங்கேதான், கடிதத்தின் திகதியைச் சரிபார்க்க எப்படியும் ஒருநாள் போகவேண்டியிருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு பக்கப் பட்டியலும் பத்துப் படமும் கொண்டுபோய்ப் பேசுங்கள்.

இரண்டாவது, நூலகம் நிறுவனம். 2005 இல் தொடங்கிய எண்ணிம நூலகம். தமிழ்க் கையெழுத்து ஆவணங்கள் அவர்களுக்குப் புதிதல்ல. படம், ஒலி, ஆவணங்களுக்கு ஆவணகம் என்ற தளமும் வைத்திருக்கிறார்கள். எண்ணிமமாக்க மட்டும் கொடுத்து மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழியைத்தான் உங்கள் நிலையில் முதலில் யோசிப்பேன். பக்கத்தில் ஈழகேசரி போன்ற அதே காலப் பத்திரிகைகளும் கிடப்பதால் கடிதம் தனியாக நிற்காது.

மூன்றாவது, லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம். தனியார் போர்க்காலக் கடதாசிகளைத் திரட்டும் இடம். ஆனால் தமிழ்க் கடிதத்தை அங்கே வாசிக்க ஆளைத் தேடவேண்டும், இங்கேயுள்ள பிள்ளைகள் பார்க்க விமானம் ஏறவேண்டும். என் அபிப்பிராயம்: வேண்டாம்.

எங்கே கொடுத்தாலும் எழுத்தில் நாலு விடயம் இருக்கவேண்டும். நன்கொடையா, பாதுகாப்பில் வைப்பதா, பிரதி மட்டுமா. எந்த உருப்படி எத்தனை வருடம் பொதுவில் மூடியிருக்கும். வெளியிட யார் அனுமதி கொடுப்பது. ஏற்க முடியாததை எறிவார்களா, திருப்பித் தருவார்களா. கடைசியைக் கேட்க எல்லோரும் மறப்பார்கள். பற்றுச்சீட்டில் சேர்க்கை எண், அதாவது காப்பகப் பதிவேட்டில் உங்கள் தொகுப்புக்கு இடும் எண், இருக்கவேண்டும். “210 கடிதம்” என்றில்லாமல் உங்கள் பட்டியலையே இணைக்கச் சொல்லுங்கள்.

பதிப்புரிமை வேறு, கடதாசியின் உடைமை வேறு. கடிதம் பெற்றவர் வீட்டில் இருந்தாலும் எழுதியவருக்கே பதிப்புரிமை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வாழ்நாளும் இறந்தபின் 70 வருடமும். எழுதியவர் 1970 இல் இறந்திருந்தால் 2040 முடியும்வரை அவருடைய வாரிசுகளுக்கு. ஆகவே கனடா மச்சான் இங்கே தடையல்ல, கையெழுத்துப் போடவேண்டியவர்களில் ஒருவராக இருக்கலாம். மூலப்பிரதியைக் கேட்கும் அவருக்கு உயர்தரப் பிரதி முழுவதையும் கொடுங்கள். கட்டைப் பங்கு பிரித்தால் கேள்வி இங்கேயும் பதில் அங்கேயுமாகப் போய்விடும். பழைய ஆவணங்களை நாட்டுக்கு வெளியே அனுப்ப 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவையா என்பதையும் கேட்டுத்தான் அனுப்பவேண்டும். அவருக்குச் சொல்ல அதுவும் ஒரு நல்ல காரணம்.

கடலோரம்:

இடையில் ஒரு கேள்வி. 1983 க்குப் பிந்தைய கடதாசிகளுக்கும் இதே முறைதானா? இடம்பெயர்வு அட்டை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கச் சீட்டு, ஃபாக்ஸில் வந்த கடிதங்கள்.

சுவடிவழி:

அடிப்படை அதேதான், இரண்டு வித்தியாசம்.

ஒன்று, ஃபாக்ஸ் வெப்பத்தாள். அதில் மை கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சுத்தான். வெயிலிலும் சூட்டிலும் பி.வி.சி. உறைக்குள்ளும் எழுத்து மறையும். எல்லாவற்றுக்கும் முன்னதாக அதை இன்றைக்கே ஸ்கான் செய்து, நகல் தாளில் ஒரு பிரதி எடுத்து, மூலத்தை இருட்டில் தனியாக வையுங்கள். ஏற்கெனவே லமினேட் செய்த அடையாள அட்டையைப் பிரிக்கவேண்டாம்.

இரண்டு, இவை இன்னும் பழைய காகிதமாகவில்லை, வழக்குக்கும் விசாரணைக்கும் தேவைப்படும் சான்றுகள். காணாமற்போனவர் தொடர்பான முறைப்பாட்டுப் பிரதி, ஆணைக்குழு எண், செஞ்சிலுவைச் சீட்டு எதன் மூலத்தையும் எந்தக் காப்பகத்துக்கும் கொடுக்காதீர்கள். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த காணாமற்போனோர் அலுவலகமானாலும் பிரதியைக் கொடுத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் பற்று வாங்குங்கள். பொதுத் தளத்தில் போடவும் வேண்டாம். கடிதத்தில் பெயர் வருகிற அயலவர் இன்னும் உயிரோடு, அதே ஊரில் இருப்பார்.

வெள்ளவத்தை வாசகி:

எல்லோருக்கும் நன்றி. அடிக் கட்டைப் பிரித்துக் காயவைத்திருக்கிறோம், பூப்பு தூளாகிவிட்டது. கடைசியாக ஒன்று: கட்டியிருந்த சீலைத் துண்டுகளை எறியலாமா? ஒன்று சிவப்புக் கரை போட்ட சேலைக் கிழிசல், சாயம் கொஞ்சம் உறையில் இறங்கியிருக்கிறது.

மைக்கூடு:

எறியாதீர்கள், ஆனால் திரும்பக் கட்டாதீர்கள். சாயம் இன்னும் இறங்கும். துண்டுகளைத் தனி உறையில் போட்டுக் கட்டு எண்ணை எழுதிவையுங்கள். கட்டுகளுக்குச் சாயமில்லாத வெள்ளைப் பருத்தி நாடா, ஒரு அங்குல அகலம். முடிச்சு கடிதத்தின் முகத்தில் விழாமல் ஓரத்தில் வரட்டும், இறுக்கம் ஒரு விரல் உள்ளே போகிற அளவு. றப்பர் பாண்ட் மட்டும் வேண்டாம், கொழும்பு வெக்கையில் ஒரு வருடத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும்.